ஜான் டன்னும் குணங்குடியாரும்

கவிஞர்களின் புகழ் வரலாறு விந்தையானது. உயிரோடிருந்த நாளில் அரசவைகளில் கொண்டாடப்பட்டவர் மாண்ட மறு தலைமுறையிலேயே மறக்கப்படுவதுண்டு. தம் கவிதைகளில் பெரும்பாலானவற்றை அச்சில் காணவும் விரும்பாதவர் முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின் உலகின் நாற்றிசையிலும் பேசப்படுவதும் உண்டு. இரண்டாம் வகையினருள் தலையாயவர் ஆங்கிலக் கவிஞர் ஜான் டன்.

அவரைப் பற்றி எழுத நம்மைத் தூண்டியது ஒரு மாலைப்பொழுது. மணலூர்பேட்டையில் தென்பெண்ணையின் கரையோரம் நாமும் நம் சகோதரியின் மகனும் அமர்ந்திருந்தோம். ஆங்கில இலக்கியம் பயிலும் அவன் கையில் பாடநூல் இருந்தது. டன்னின் புகழ்பெற்ற கவராய உவமையை அவன் விளக்கினான். பிரிந்து செல்லும் கணவனும் வீட்டிலிருக்கும் மனைவியும் கவராயத்தின் இரு கால்களாம். நடுவில் ஊன்றிய கால் நகராமல் நின்றாலும், வெளியே சுற்றும் காலின் பக்கம் சாய்ந்து கொண்டே இருக்குமாம். விளக்கி முடித்தவன், “மாமா, நம்மவர்களில் இப்படி ஒருவர் உண்டா?” என்று கேட்டான். “குணங்குடியார் இருக்கிறாரே!” என்றோம். “அவரை யார் படிக்கிறார்கள்?” என்று திருப்பிக் கேட்டான். அந்த இரண்டாம் கேள்விக்கு நம்மிடம் உடனடி விடை இல்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடிய முயற்சியே.

டன்னின் வாழ்வை முதலில் சுருங்கப் பார்ப்போம். அவர் 1572இல் இலண்டனில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். கத்தோலிக்கராயிருப்பதே தண்டனைக்குரியதாயிருந்த காலம் அது. பாதிரியார் ஒருவருக்கு அடைக்கலம் தந்த குற்றத்துக்காகச் சிறைப்பட்ட தம்பி ஹென்றி 1593இல் அச்சிறையிலேயே இறந்தார். டன் சட்டம் பயின்றார். உயர் அலுவலர் ஒருவரின் செயலாளரானார். 1601இல் ஆன் மோர் என்னும் நங்கையை மறைவாக மணந்து, அதனாலேயே பதவியை இழந்து சிறையும் புகுந்தார். பின்னர் நெடுங்காலம் வறுமை. இறுதியில் ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்து 1615இல் குருவானார். 1617இல் மனைவியை இழந்தார். 1621இல் இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் தலைமைக் குருவாக உயர்ந்தார். 1631 மார்ச் 31இல் காலமானார்.

இறப்பதற்குச் சிலநாள் முன்பு சவத்துணியைத் தம்மேல் சுற்றிக்கொண்டு நின்று, அக்கோலத்தில் தம்மை வரையச் செய்து, அந்தப் படத்தைப் படுக்கையருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்படத்தைக் கொண்டு செதுக்கிய பளிங்குச் சிலை 1666இன் பெருந்தீயிலும் தப்பி இன்றும் அப்பேராலயத்தில் நிற்கிறது. ஹஜ்ஜுக்குச் சென்ற நம் பெரியவர்கள் ஸம்ஸம் நீரில் நனைத்த கஃபன் துணியை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்திருப்பதை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் நம் பாட்டனார் அத்துணியை எவருக்கும் எடுத்துக் காட்டியதில்லை. டன்னோ காட்டிக்கொள்ளத் தெரிந்தவர். அவர் கவிதையின் வலிமையும் குறையும் இந்த ஒன்றிலேயே அடங்கிக் கிடக்கின்றன என்பது நம் கருத்து. மரணத்தை எதிர்கொள்ளும்போதும் அவர் ஒரு கண்ணால் சபையைப் பார்க்கிறார்.

‘மெட்டாஃபிசிக்கல்’ கவிஞர் என்ற பெயர் பாராட்டாக வந்ததன்று. 1693இல் டிரைடன், டன் காதற் பாட்டிலும் தத்துவம் பேசிப் பெண்களைக் குழப்புகிறார் என்று குறைகூறினார். 1779இல் சாமுவேல் ஜான்சன், ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்களை வலிந்து பூட்டுபவர்கள் இவர்கள் என்று கண்டித்தார். ஜான்சன் சொன்னது உண்மைதான். அதைக் குறையென்று கண்டதுதான் பிழை. அப்பெரும் திறனாய்வாளரின் சொல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேலாக டன்னைப் பின்தள்ளி வைத்தது. அவர் பெயர் முற்றும் அழிந்துவிடவில்லை. ஆனால் கவிதை கற்போர் அவரிடம் சென்று கற்கவில்லை.

மீட்சி 1912இல் வந்தது. ஹெர்பர்ட் கிரியர்சன் என்ற பேராசிரியர், 1633இல் வெளியான முதல் அச்சையும் அதன்பின் வந்த பதிப்புகளையும் சிதறிக் கிடந்த கையெழுத்துப் படிகளையும் ஒப்புநோக்கி இரண்டு தொகுதிகளாக டன்னின் கவிதைகளை வெளியிட்டார். 1921இல் அவரே தொகுத்த மற்றொரு நூலுக்கு மதிப்புரை எழுதப் புகுந்த டி. எஸ். எலியட், சிந்தனையை நறுமணத்தைப் போல் உணர்ந்தவர்கள் அக்கவிஞர்கள் என்னும் பொருள்பட எழுதிப் புதுக்கவிதையின் திசையையே மாற்றினார். ஈண்டு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எலியட்டுக்கு முன் கிரியர்சன் வந்தார். பதிப்பாசிரியன் செப்பனிட்ட பாதையிலேதான் கவிஞன் நடந்து சென்றான்.

வேடிக்கை என்னவெனில், அதே எலியட் 1931இல், டன்னின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது, எதிர்காலத்துக்கு அவர் அவ்வளவாகத் தேவைப்படமாட்டார் என்று எழுதினார். பெரியவர்களின் ஆரூடங்களுக்கும் இந்த நிலைதான்! அதற்குப் பின்னரே டன் உலகம் முழுவதையும் ஆட்கொண்டார்.

1940இல் எர்னஸ்ட் ஹெமிங்வே, ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் பற்றிய தம் நாவலுக்கு டன்னின் உரைநடையிலிருந்து தலைப்பு எடுத்தார். 1945ஆம் ஆண்டின் கோடையில் நிகழ்ந்தவை இன்னும் சிந்திக்கத்தக்கவை. அந்த ஜூலை 16இல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டது. அச்சோதனைக்குத் ‘திரித்துவம்’ என்னும் பொருள்தரும் பெயரை இட்டவர் ராபர்ட் ஓப்பன்ஹைமர். அப்பெயரை வைத்தபோது டன்னின் கவிதைகள் தம் நெஞ்சில் இருந்தன என்று 1962இல் ஒரு கடிதத்தில் அவர் எழுதினார். அதே ஜூலையில் ஆங்கில இசைவாணர் பெஞ்சமின் பிரிட்டன், பெல்சன் வதைமுகாமில் உயிர்தப்பியவர்கள் முன் இசை நிகழ்த்தித் திரும்பினார். அடுத்த மாதமே டன்னின் ஒன்பது புனிதப் பாக்களுக்கு இசையமைத்து முடித்தார். பேரழிவை உண்டாக்கியவரும் பேரழிவைக் கண்டு கலங்கியவரும் ஒரே கோடையில் ஒரே கவிஞரிடம் சென்றிருக்கிறார்கள்! இதனை டன்னின் பெருமை என்று மட்டும் சொல்லி நகர நமக்கு மனம் வரவில்லை. ஒரு கவிதை எவர் கைக்குச் செல்லும் என்பதைக் கவிஞன் தீர்மானிப்பதில்லை.

சோவியத் நாட்டில் 1963இல் இளைஞராயிருந்த ஜோசப் பிராட்ஸ்கி, டன்னின் பெயரில் நீண்டதோர் இரங்கற்பா பாடினார். மறு ஆண்டே அவர் உழைக்காதவர் எனக் குற்றம் சாட்டப்பட்டு நாட்டின் வடகோடிக்கு அனுப்பப்பட்டார். 1987இல் நோபல் பரிசும் பெற்றார். டன் உயிரோடிருந்த காலத்தில் அவரை நேரில் அறிந்த டச்சுக் கவிஞர் கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ் செய்த மொழிபெயர்ப்புகளிலிருந்து தொடங்கிய பயணம் அந்த இரங்கற்பா வரை நீண்டிருக்கிறது.

அப்படி எதனால் அவர் கடல்கடந்தார்? அவர் எழுதிய காதற் பாக்களைவிட, 1623இன் இறுதியில் கொடிய காய்ச்சலில் கிடந்தபோது எழுதி 1624இல் வெளியிட்ட தியான உரைகளே பொதுமக்களிடம் அவரைக் கொண்டு சேர்த்தன. அண்டைக் கோயிலில் சாவுமணி ஒலிக்கிறது. நோயாளிக்கு ஓர் ஐயம்: இறந்தவர் யாரோ, அல்லது தாமே தானோ? அங்கிருந்து அவர் சிந்தனை விரிகிறது. மனிதரை அவர் தனித்தீவாகக் காணவில்லை. ஒரே நிலப்பரப்பின் துண்டுகளாகக் காண்கிறார். கரையில் ஒரு மண்கட்டி கரைந்தாலும் நிலம் அந்த அளவுக்குக் குறைகிறது என்கிறார்.

மணலூர்பேட்டையில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. 2024 டிசம்பரில் புயல்மழையால் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுப் பெண்ணை கரைபுரண்டபோது, கரை கரைவது என்றால் என்ன என்பதை ஆற்றோரத்து மக்கள் கண்ணாரக் கண்டார்கள். ஆற்றோடு கிழக்கே சென்றால் திருக்கோவலூரில் ஆற்றின் நடுவே கபிலர் குன்று நிற்கிறது. பாரியை இழந்தபின் கபிலர் அங்கே தீப்புகுந்தார் என்று சோழர் காலக் கல்வெட்டு கூறும். ஒரு நண்பனின் சாவு தன் சாவுதான் என்று வாழ்ந்து காட்டிய புலவனின் பாறை அது. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு இதே மணலில் சுற்றுவட்டார மக்கள் திரள்கிறார்கள். மறுநாள் மணல்மட்டும் கிடக்கிறது. டன்னின் கருத்து நமக்கு வேற்று நாட்டுச் சரக்கு அன்று.

மணிக்குப் பதில் நம் சிற்றூர்களில் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி இருக்கிறது. நேரமல்லாத நேரத்தில் அது கரகரத்தால் அடுப்படியில் இருக்கும் பெண்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுக்கிறார்கள். “யாரு மவுத்தாம்?” என்ற கேள்வி தெருவில் எழுகிறது. இன்னாருடைய தகப்பனார், இன்ன தெரு, ஜனாஸா இத்தனை மணிக்கு என்று அறிவிப்பு வந்ததும் ஊரே அந்த வீட்டுக்கு நடக்கிறது. முஃமின்களை ஒரே உடலுக்கு உவமித்த நபிமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆதமின் மக்கள் ஓருடலின் உறுப்புகள் என்ற கருத்தை ஷைகு ஸஅதீ அவர்கள் 1258இல் எழுதிய குலிஸ்தானில் பாடிவைத்தார்கள். டன்னின் நூல் அதற்கு 366 ஆண்டுகள் பிந்தியது. யார் முந்தியவர் என்று மார்தட்டுவதற்காக இதைக் குறிப்பிடவில்லை. ஸஅதீயைப் படித்த பழக்கம் இருந்திருந்தால் டன்னைப் படிக்கும்போது நம் பிள்ளைகள் மிரளமாட்டார்கள் என்பதற்காகவே குறிப்பிடுகிறோம்.

இனி நம்மவரிடம் வருவோம். சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயர் கொண்ட குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் 1792இல் இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்தார்கள். கீழக்கரையில் மார்க்கக் கல்வி பயின்றார்கள். மாமன் மகளை மணமுடிக்கப் பெற்றோர் ஏற்பாடு செய்ய, மறுத்துவிட்டு இல்லம் துறந்தார்கள். டன் மணம் செய்துகொண்டதால் வாழ்வை இழந்தார்; குணங்குடியார் மணத்தை மறுத்ததால் வேறொரு வாழ்வைப் பெற்றார்கள். 1813இல் திருச்சிராப்பள்ளியில் தீட்சை பெற்று, மலைகளிலும் காடுகளிலும் தவமிருந்து, முடிவில் சென்னையின் வடபகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். 1838இல் மறைந்தார்கள். தொண்டியிலிருந்து வந்த தொண்டியார் வாழ்ந்ததால்தான் தண்டையார்பேட்டை என்ற பெயர் ஏற்பட்டது என்று வழங்குவர். அவர்களின் அடக்கத்தலமும் அங்கேயே உள்ளது.

ஜான்சன் டன்னிடம் கண்ட குற்றத்தை எவரேனும் குணங்குடியாரிடமும் காணலாம். அவ்வளவு துணிச்சலாக அவர்கள் பூட்டுகிறார்கள். ஒட்டாதவை என்று உலகம் கருதும் இரண்டு மொழிகள், இரண்டு மரபுகள் அவர்கள் பாட்டில் ஒன்றாகின்றன. றகுமான் கண்ணியில் அரபுத் திருப்பெயர் தமிழ்க் கண்ணியின் இறுதியில் வந்து மணியாக ஒலிக்கிறது. முகியித்தீன் சதகத்தில் பக்தாதின் பெருமகனார் தமிழ்ச் சதகத்தின் தலைவராகிறார். அகத்தீசர் சதகத்திலோ சித்தர் மரபு பேசுகிறது. மூச்சடக்கும் கலையின் சொற்களும் இரசவாதத்தின் சொற்களும் தரீக்காவின் சொற்களும் ஒரே பாட்டில் உடன்பிறப்புகளைப் போல் அமர்கின்றன. டன்னும் இரசவாதத்திலிருந்தும் நிலப்படத்திலிருந்தும் வானநூலிலிருந்தும் உவமைகளை அள்ளியவரே. ஆயினும் டன் அவற்றை வாதத்துக்குக் கருவியாக்குகிறார். குணங்குடியாருக்கு அவை பயிற்சியில் தாம் கண்டவை. தவநிலை, துறவுநிலை, வளிநிலை, காட்சிநிலை என்று அவர்கள் பாடல்களுக்கு இட்ட தலைப்புகளே ஒரு பயணத்தின் வழித்தங்கல்களாக இருக்கின்றன.

மிக நுட்பமான ஒற்றுமை வேறொன்று. இறைவனிடம் பேசக் காதலின் மொழியை இருவரும் எடுத்துக்கொண்டனர். டன் தம்மைப் பகைவனிடம் சிக்கிய நகரமாகவும், வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணாகவும் கற்பனை செய்து, இறைவனே வந்து தம்மை வலிந்து கைப்பற்ற வேண்டும் என்று மன்றாடுகிறார். குணங்குடியார் மனோன்மணிக் கண்ணியில் இதைத் தலைகீழாக்குகிறார்கள். பரம்பொருளே பெண், தேடி அலைபவன் கவிஞன். பாரசீக ஞானியரின் ‘மாஷூக்’ மரபு தமிழின் அகத்திணைக்குள் நுழைந்து மனோன்மணி என்ற பெயர் பூண்டுவிட்டது.

இங்கேதான் நம் குடும்பங்களில் ஒரு தயக்கம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. இறைவனைப் பெண்பாலாக விளிப்பதும், சித்தர் சொற்களைக் கையாள்வதும் முறையா என்று ஐயுறுவோர் நம் நண்பர்களிலேயே பலர். அவர்களுடைய ஐயத்தை நாம் எள்ளவில்லை. மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதியும் நமக்கு இல்லை. இலக்கியம் படிப்பவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்லலாம். டன்னின் இளமைக் காதற்பாக்கள் அவரைப் பின்னாளில் பேராலயத் தலைவராகக் கண்ட சபையாருக்குச் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். எனினும் அவற்றை அவர்கள் கொளுத்திவிடவில்லை. அவர் இறந்து இரண்டே ஆண்டுகளில் புனிதப் பாக்களையும் காதற்பாக்களையும் ஒரே நூலில் அச்சிட்டனர். ஐயத்தோடு படிப்பதற்கும் பாட்டு கையில் இருந்தாக வேண்டும் அல்லவா?

குணங்குடியாரின் செல்வாக்கு சிறியதென்று எவரும் எண்ணிவிட வேண்டாம். தாயுமானவரின் பராபரக்கண்ணியைக் கேட்ட செவிதான் குணங்குடியாரைத் தம் பராபரக்கண்ணியைப் பாடச் செய்தது. அந்தச் செல்வாக்கு வந்த வழியே திரும்பியும் சென்றது. திருத்தணிகை சரவணப்பெருமாள் ஐயர் குணங்குடியார் மீது நான்மணிமாலை பாடினார். ஐயாசாமி முதலியார் பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். சைவப் புலவர்கள் ஒரு முஸ்லிம் பக்கீரைக் குருநாதராகக் கொண்டு பிரபந்தம் பாடியது எளிய செய்தியன்று. கிரியர்சனும் எலியட்டும் இல்லாமலேயே, பாடகர்களின் தொண்டையிலும் தப்ஸ் அடித்து வரும் பக்கீர்களின் கையிலும் ஏறி அப்பாடல்கள் ஊரூராய்ச் சென்றன. நம் பாட்டிமார்களுக்கு எழுத்துத் தெரியாமலிருக்கலாம், கண்ணிகள் தெரிந்திருந்தன.

அதே வேளையில் குறையையும் சொல்லியாக வேண்டும். டன்னின் பாட்டில் ஒரு சொல்லை எடுத்தால் கட்டடம் சரியும். குணங்குடியாரின் கண்ணிகளில் சிலவற்றை எடுத்துவிட்டாலும் பாட்டு நிற்கும். ஒரே ஏக்கம் மீண்டும் மீண்டும் வருகிறது; சில கண்ணிகள் எதுகைக்காகவே பிறந்தவை போல் தோன்றுகின்றன. கண்ணால் படிப்பவருக்கு இது சலிப்புத் தரும். ஆனால் கண்ணி என்ற வடிவமே திக்ரைப் போல் திரும்பத் திரும்பச் சொல்வதற்காக அமைந்தது. தக்கலையில் பீர் முகம்மது அப்பா அவர்களின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் இரவு முழுதும் கூடிப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். அங்கே சலிப்பு என்ற சொல்லுக்கே இடமில்லை. பாடப்பாட ஏறிக்கொண்டே போகும். டன்னைத் தனியறையில் படிக்கலாம். குணங்குடியாருக்குக் கூட்டம் வேண்டும்.

கூட்டம் குறைந்துவிட்டது என்பதுதான் இன்றைய இடர்ப்பாடு. செவிவழி வந்த செல்வம் செவிகள் மாறியதும் தேங்கி நிற்கிறது. ஏட்டுவழியாவது அதற்கு உறுதியான இடம் அமைய வேண்டும். கலாநிதி ம. மு. உவைஸ் அவர்கள் தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் தொண்டு பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1953இல் வெளியிட்ட நூலும், 1973இல் திருச்சிராப்பள்ளியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடும், பின்னர் உவைஸ், அஜ்மல்கான் ஆகிய இருவரும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வழியே தந்த இலக்கிய வரலாற்றுத் தொகுதிகளும் பெருந்தொண்டுகள். எவை நம்முடையவை என்று அவை நமக்கு எண்ணிக் காட்டின. பட்டியல் வந்தபின் அடுத்த வேலை பாடலைத் திருத்தமாக நிறுத்துவது.

அது எத்துணை முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்கப் பள்ளி ஆசிரியை மார்கரெட் எட்சன் எழுதிய ‘விட்’ என்ற நாடகம் 1999இல் புலிட்சர் பரிசு பெற்றது. டன்னையே வாழ்நாள் முழுதும் கற்பித்த பேராசிரியை புற்றுநோயால் மெல்ல மெல்லச் சாகிறார் என்பது கதை. அதில் ஓரிடத்தில், சாவைப் பற்றிய டன்னின் பாவில் இறுதி அடியில் அரைப்புள்ளி உள்ள பதிப்பை எடுத்து வந்ததற்காக மாணவியை ஆசிரியை கண்டிக்கிறார். கால்புள்ளி உள்ள பதிப்பே சரியானதாம். இந்த வாழ்வுக்கும் மறுமைக்கும் இடையே இருப்பது ஒரு சிறு நிறுத்தம் மட்டுமே என்று கவிஞன் எண்ணியதை அந்தக் கால்புள்ளிதான் காட்டுகிறதாம். ஒரு புள்ளிக்காக இத்தனை பாடு! நம் வீட்டில் உள்ள மஸ்தான் சாகிபு பாடல் திரட்டு முன்னட்டையை இழந்தது. எவ்வாண்டு அச்சிட்டதென்றும் அறிய வழியில்லை. அதில் அரபுச் சொற்கள் அச்சுக் கோத்தவர் காதில் விழுந்தபடி இருக்கின்றன. ஒரே சொல் மூன்று பக்கங்களில் மூன்று விதமாக வருகிறது. எது கவிஞர் சொன்னது, எது அச்சகம் சொன்னது என்று யார் சொல்வார்?

அன்று மாலைக்குப் பின் அந்தப் பழைய நூலை நம் மருமகன் எடுத்துச் சென்றான். கல்லூரி விடுமுறை முடிவதற்குள் பராபரக்கண்ணியைப் படித்து முடித்துவிட்டு, பொருள் விளங்காத ஒன்பது சொற்களைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தான். ஆறுக்கு அகராதி உதவியது. இரண்டை அரபி அறிந்த நண்பர் விளக்கினார். கடைசிச் சொல்லுக்காக ஊரில் வயது முதிர்ந்த ஒரு பெரியவரிடம் சென்றோம். “மாமு, இதுக்கு என்ன அர்த்தம்?” என்று அவன் தாளை நீட்டினான். அவர் கண்ணாடியைத் தேடவில்லை. “அந்தக் கண்ணியைச் சொல்லு தம்பி” என்றார். அவன் முதலடியைப் படித்தான். இரண்டாம் அடியை அவரே பாடினார். பாடியபோது அச்சில் இருந்த சொல் அவர் வாயில் வரவில்லை. ஓரெழுத்து வேறாக, பொருள் பளிச்சென விளங்கும் வேறொரு சொல் வந்தது. மருமகன் தாளின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த கண்ணியையும் பாடச் சொன்னான்.